வீட்டுக் கம்ப்யூட்டரில் செக்யூரிட்டி அப்டேட்: எதை உடனே போடுவது, எதைத் தள்ளிப் போடுவது

விண்டோஸ் அப்டேட் கேட்கிறது, போடலாமா வேண்டாமா என்று கேட்டால் என் பதில் இதுதான்: மாதாமாதம் வரும் செக்யூரிட்டி அப்டேட்டை வந்த ஒரு வாரத்துக்குள் போட்டுவிடுங்கள், வருடத்துக்கு ஒரு முறை வரும் வெர்ஷன் மாற்றத்தை ஒன்றிரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் அப்டேட்டையே மொத்தமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

நம்ம பக்கம் இது சின்ன விஷயம் இல்லை. திருப்பூர், பல்லடம், சோமனூர், ஈரோடு, கரூர் என்று எங்கே எடுத்துக்கொண்டாலும் வீட்டுக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு மட்டும் ஓடுவதில்லை. பகலில் ஜாப் ஒர்க் பில், இ-வே பில், டேலியில் கணக்கு, சாயந்திரம் பிள்ளைகளின் படிப்பு, ராத்திரி யூடியூப். கீழே கம்பெனி, மேலே வீடு, இரண்டுக்கும் ஒரே வைஃபை, இரண்டு மூன்று சிஸ்டத்துக்கு நடுவில் ஒரு ஷேர்டு ஃபோல்டர். அந்த ஒரு பெட்டி போனால் மூன்று நான்கு வருடத்துக் கணக்கும் சேர்ந்து போகும். அப்படி இருக்க, சர்வீஸ் கடைக்காரர் "அப்டேட்டை ஆஃப் பண்ணி வுட்டுட்டனுங்க, இனித் தொந்தரவே இருக்காது" என்று சொல்லும்போது நிம்மதியாகத் தலையாட்டுகிறோம். கடைக்காரர் மேல் முழுத் தப்பும் சொல்ல முடியாது. அப்டேட்டுக்கு அப்புறம் பிரிண்டர் ஓடவில்லை என்றால் போன் அவருக்குத்தானே போகும். ஆனால் அப்டேட் இல்லாமல் கணக்கு மொத்தமும் போனால் அந்த நஷ்டம் உங்களுடையது.

முதலில் திரையில் எது எது என்று அடையாளம் தெரிய வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்தால், வருடமும் மாதமும் போட்டு, செக்யூரிட்டி அல்லது க்யூமுலேட்டிவ் என்ற சொல்லோடு, கேபி என்று தொடங்கும் ஒரு எண்ணுடன் வருவதுதான் மாதாந்திர அப்டேட். விண்டோஸில் திருடன் நுழையக்கூடிய ஓட்டையை அடைப்பது இதுதான். விண்டோஸ் 11, வெர்ஷன் 25ஹெச்2 என்கிற மாதிரி வெர்ஷன் பெயரோடு, தனியாக ஒரு டவுன்லோட் அண்ட் இன்ஸ்டால் பொத்தானோடு நிற்பது வெர்ஷன் மாற்றம். மாதக் கடைசியில் ப்ரிவியூ என்ற பெயரில் இன்னொன்று வரும், அது விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். அடுத்த மாதம் வரப்போவதை முன்கூட்டியே சோதித்துப் பார்க்கிற சரக்கு அது, வீட்டுக்குத் தேவையே இல்லை, தொடாதீர்கள்.

மாதாந்திர அப்டேட்டில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு மாதத்து அப்டேட்டும் அதற்கு முந்தைய மாதங்களில் வந்ததையும் சேர்த்தே கொண்டு வரும். அதனால் ஆறு மாதமாகப் போடாமல் விட்டவர்கள் ஒவ்வொன்றாக ஆறு தடவை உட்கார வேண்டியதில்லை, கடைசியாக வந்ததைப் போட்டால் போதும்.

ஏன் ஒரு வாரம், ஏன் மூன்று மாதம் இல்லை

காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், ஒருவர் தன் கிளுவை வேலியில் ஒரு பொத்தலை அடைத்தால், ஆடு பிடிக்க வருகிறவனுக்கு அது ஒரு தகவல்: பக்கத்துக் காட்டு வேலியிலும் அதே இடத்தில் பொத்தல் இருக்கும். செக்யூரிட்டி அப்டேட் வெளியாகும் அன்றே உலகத்தில் இருக்கிற எல்லாக் கணினித் திருடர்களுக்கும் அது கிடைத்துவிடுகிறது. பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எந்த வரி மாறியிருக்கிறது, ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பதே ஒரு தொழில். ஆக அப்டேட் வந்த நாளுக்கு முன்பு இருந்ததை விட, வந்த பிறகு போடாமல் இருப்பது அதிக ஆபத்து.

2017இல் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. விண்டோஸில் ஃபைல் ஷேரிங் செய்யும் பகுதியில் இருந்த ஒரு ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அந்த வருடம் மார்ச் 14ஆம் தேதி அப்டேட் வெளியிட்டது. அதே ஓட்டை வழியாக வானாக்ரை என்கிற ரான்சம்வேர் பரவத் தொடங்கியது மே 12ஆம் தேதி. நடுவில் கிட்டத்தட்ட இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் அப்டேட் போட்ட கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை, போடாத லட்சக்கணக்கான கணினிகள் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் மாட்டின. ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் பிட்காயினில் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளி வைத்தன, இங்கே ஆந்திர காவல்துறையின் சில கணினிகளும் மாட்டின.

இதில் கவனிக்க வேண்டியது, யாரும் எந்த லிங்கையும் அமுக்கவில்லை. ஒரு கணினிக்குள் நுழைந்ததும் அதே நெட்வொர்க்கில் அப்டேட் இல்லாத மற்ற கணினிகளைத் தானே தேடிப் போய்ப் பிடித்தது. "நான் கண்ட சைட்டுக்கெல்லாம் போறதில்லைங்க, எனக்கு எதுக்கு அப்டேட்" என்பவர்களுக்கு இதுதான் பதில். நீங்கள் போகாவிட்டாலும் உங்கள் வைஃபையில் இருக்கிற பையனின் லேப்டாப் போகும், ஆடிட்டர் ஆபீஸ் போய்வந்த லேப்டாப் வந்து சேரும். ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்றால், அது வந்தவனைப் பிடிக்கப் பார்க்கும், ஓட்டையை அடைப்பது அதன் வேலை இல்லை. இரண்டும் வேண்டும்.

அதே 2017 ஜூன் கடைசியில் நாட்பெட்யா என்கிற இன்னொரு நாசகார மென்பொருள் வந்தது. அது பரவிய வழிகளில் ஒன்றும் இதே ஓட்டைதான், அப்டேட் வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியும். மெர்ஸ்க் கப்பல் கம்பெனி அதில் முடங்கியபோது மும்பை பக்கத்து ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் முனையத்திலும் கன்டெய்னர் வேலை நின்றது. எங்கோ ஒரு சிஸ்டத்தில் நுழைந்தது, ஏற்றுமதிச் சரக்கு நிற்கிற இடம் வரைக்கும் வந்து தொட்டது.

பயத்திலும் நியாயம் இருக்கிறது

அப்டேட்டால் எதுவுமே கெடாது என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு வந்த வெர்ஷன் மாற்றம் சிலருடைய டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த ஃபைல்களையே அழித்துவிட்டது. சில நாளிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி வைத்து, சரி செய்து நவம்பரில்தான் திரும்ப விட்டது. நான் வெர்ஷன் மாற்றத்தைத் தள்ளிப் போடச் சொல்வதற்குக் காரணம் இதுதான். முதல் வாரத்தில் போட்டவர்களிடம்தான் இந்த மாதிரிக் கோளாறு முதலில் தெரியும், நீங்கள் அந்த வரிசையில் முன்னால் நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

மாதாந்திர அப்டேட்டிலும் நடக்கும். 2021 மார்ச்சில் வந்ததைப் போட்ட பிறகு சில கணினிகளில் பிரிண்ட் கொடுத்தாலே நீலத் திரை வந்து நின்றது. கியோசெரா, ரிக்கோ, ஸீப்ரா பிரிண்டர்கள் பாதிக்கப்பட்டவற்றில் இருந்தன. ஸீப்ரா என்றதும் பனியன் கம்பெனிக்காரர்களுக்குப் புரியும், பார்கோடு ஸ்டிக்கர் அடிக்கிற பிரிண்டர். ஆனால் ஒரு வாரத்துக்குள் அதற்குச் சரிசெய்யும் அப்டேட்டும் வந்துவிட்டது. ஒரு வாரம் பொறுத்திருந்து போட்டவர்களில் நிறையப் பேருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது.

2024 ஜூலையில் விமான நிலையங்களில் எல்லாம் நீலத் திரை வந்ததே, அதைச் சொல்லி விண்டோஸ் அப்டேட்டைத் திட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது விண்டோஸ் அப்டேட்டே இல்லை. பெரிய நிறுவனங்கள் வாங்கிப் போடும் க்ரவுட்ஸ்ட்ரைக் என்கிற பாதுகாப்பு மென்பொருளின் கோளாறு. வீட்டுக் கணினிகளில் அது இருப்பதில்லை.

எந்த நாளில் போடுவது

மைக்ரோசாஃப்ட் மாதாந்திர அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடும், நமக்கு அது செவ்வாய் ராத்திரி பத்தரை பதினொன்றரைக்கு மேல், அதாவது புதன்கிழமை காலையில்தான் கண்ணில் படும். இரண்டாவது செவ்வாய் 8ஆம் தேதியிலிருந்து 14ஆம் தேதிக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்குக் கடைசி நாள் 11ஆம் தேதி, 3பிக்கு 20ஆம் தேதி. பார்த்தீர்களா, மேலேயே வந்து விழுகிறது. பில் எல்லாம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது ரீஸ்டார்ட் கேட்டு நின்றால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும், அந்தக் கோபத்தில்தான் அப்டேட்டையே நிறுத்தச் சொல்கிறார்கள்.

அதனால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டிஆர்-1 முடிந்து, அந்த மாதத்து அப்டேட்டும் வெளியான பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை அப்டேட் நாள். பெரும்பாலும் அது 20ஆம் தேதிக்கு முன்னாடியே வந்துவிடும், ஏதாவது கோளாறு ஆனாலும் சரி செய்ய நாள் இருக்கும், முதல் நான்கு நாளில் தெரிகிற பிரச்சினைகளும் அதற்குள் செய்திகளில் வந்துவிடும். அதுவரைக்கும் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் இருக்கும் பாஸ் அப்டேட்ஸ் (Pause updates, அதாவது தற்காலிகமாக நிறுத்தி வைப்பது) என்பதில் ஒரு வாரம் கொடுங்கள். விண்டோஸ் 11இல் ஐந்து வாரம் வரைக்கும் கொடுக்கலாம், ஆனால் ஐந்து வாரம் என்பது உங்களுக்கு வேண்டாம். ஒரு வாரம் போதும். ஏற்கெனவே அந்த ஓட்டை வழியாகத் தாக்குதல் நடந்துகொண்டிருக்கிறது என்று செய்தி வந்தால் ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள், அன்று ராத்திரியே போடுங்கள்.

அப்புறம் ஆக்டிவ் ஹவர்ஸ் என்று ஒன்று இருக்கிறது, காலை எட்டு முதல் ராத்திரி பத்து என்று நீங்களே குறித்து வைத்தால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. புது அப்டேட்டுகளை உடனுக்குடன் கொடு என்று ஒரு சுவிட்ச் விண்டோஸ் 11இல் இருக்கும், அதை அணைத்தே வையுங்கள், அது இல்லாவிட்டாலும் செக்யூரிட்டி அப்டேட் வந்துகொண்டுதான் இருக்கும்.

போடுவதற்கு முன்னாடி

பேக்கப். இதில் சோம்பல் படாதீர்கள். டேலி பிரைம் என்றால் ஆல்ட்-ஒய் அமுக்கினால் டேட்டா மெனு வரும், அதில் பேக்கப் இருக்கும், எடுத்து அதே கணினியின் டி டிரைவில் வைத்தால் அது பேக்கப் இல்லை. வெளியில் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ எடுத்து, எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். சொருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டும். போட்டோ, பத்திரத்தின் ஸ்கேன், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாவற்றுக்கும் இதேதான். எடுத்த பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்தும் பாருங்கள்.

அடுத்து பிட்லாக்கர் சாவி. இதைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. இப்போது வரும் லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தால் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளும். அதற்கு 48 இலக்கச் சாவி ஒன்று உண்டு, அது அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். 2024 ஜூலையில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகள் திறக்கும்போதே இந்தச் சாவியைக் கேட்டன. சாவி இல்லை என்றால் உள்ளே இருப்பது கிடைக்காது, எந்தக் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது. கடையில் வாங்கும்போது அவர்களே ஏதோ ஒரு மெயில் ஐடி போட்டு லேப்டாப்பைத் தயார் செய்து கொடுத்திருந்தால், உங்கள் சாவி அந்த ஐடியில் இருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கே எந்தக் கணக்கு என்று பார்த்து, உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றி, சாவியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிற நாளில் டெஸ்க்டாப்பில் அப்டேட்டைத் தொடங்காதீர்கள். நடுவில் கரண்ட் போனால் விண்டோஸ் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு தடவையும் அதை நம்ப முடியாது. யூபிஎஸ் பேட்டரி பத்து நிமிடமாவது தாங்குகிறதா என்று பாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைச் சொருகியே போடுங்கள். சி டிரைவில் 20 ஜிபியாவது காலி இருக்கட்டும்.

நின்றுவிட்டால்

பழைய ஹார்ட் டிஸ்க் போட்ட சிஸ்டத்தில் அப்டேட் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்கூட எடுக்கும். சதவீதம் நகரவில்லை என்று பவர் பட்டனை அமுக்குவதுதான் நிறைய சிஸ்டம் கெடுவதற்குக் காரணம். பெட்டியின் முன்னால் ஹார்ட் டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது, விட்டுவிடுங்கள். இந்த இழுவை பிடிக்கவில்லை என்றால் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள், அதை விட உருப்படியான செலவு பழைய கணினிக்கு வேறு இல்லை.

அப்டேட் முடிந்ததும் பிரிண்டர், டேலி, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் மூன்றையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ஓடவில்லை என்றால் அப்டேட் ஹிஸ்டரிக்குள் போய் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸில் அந்த கேபி எண்ணை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு வாரம் பாஸ் கொடுத்து, திரும்பப் போடுங்கள். வெர்ஷன் மாற்றம் என்றால் ரெக்கவரி பக்கத்தில் கோ பேக் இருக்கும், பத்து நாளைக்குள் திரும்பிக்கொள்ளலாம், அதற்கு மேல் முடியாது. கணினி திறக்கவே இல்லை என்றால் பயப்பட வேண்டாம், மூன்று தடவை பாதியில் நின்றால் தானாகவே ரிப்பேர் திரை வரும், டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போனால் கடைசியாகப் போட்ட க்வாலிட்டி அப்டேட்டை, அதாவது மாதாந்திர அப்டேட்டை, அங்கிருந்தே எடுக்கலாம். ஃபார்மேட் பண்ணணும் என்று யாராவது உடனே சொன்னால் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

அப்டேட்டே வராத பழைய பெட்டிகள்

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14உடன் முடிந்துபோனது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு மாற, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு சிப் எல்லாம் வேண்டும், அதனால் நன்றாக ஓடுகிற நிறைய சிஸ்டங்கள் வெளியே நிற்கின்றன. இல்லாத கணினியில் குறுக்கு வழியில் 11ஐ ஏற்றித் தருகிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை, எதற்காக மாறுகிறோமோ அதுவே கிடைக்காமல் போகலாம்.

விண்டோஸ் 10 வைத்திருக்கிற வீடுகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை செக்யூரிட்டி அப்டேட் மட்டும் தரும் ஒரு திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. வெர்ஷன் 22ஹெச்2 ஆக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே என்ரோல் என்று வரும், செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் காசு இல்லாமலே சேரலாம். கம்பெனி டொமைனில் இணைத்த சிஸ்டத்துக்கு இது பொருந்தாது. பிள்ளைகள் படிக்கவும் யூடியூப் பார்க்கவும் மட்டும் இருக்கிற கணினி என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுவிடலாம், அதில் ஒரு வகையான உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) வெர்ஷனுக்கு ஐந்து வருடம் அப்டேட் வரும். டேலி அதில் நேரடியாக ஓடாது, அதை மறந்துவிடாதீர்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான், ஆப்பிள் பொதுவாகக் கடைசி மூன்று வெர்ஷன்களுக்கு மட்டுமே ஓட்டை அடைக்கிறது.

எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் போடுகிற சிஸ்டம், ஜக்கார்டு தறிக்கு டிசைன் ஏற்றுகிற சிஸ்டம், இவை தனிக் கதை. டாங்கிள் என்கிற லைசென்ஸ் சாவியைச் சொருகி ஓடும் பழைய மென்பொருள், அது விண்டோஸ் 7ஐத் தாண்டினால் ஓடாது. அதை அப்டேட் செய்யச் சொல்லி நான் சண்டை போட மாட்டேன். ஆனால் அதன் நெட் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள், ஷேர்டு ஃபோல்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். டிசைன் ஃபைலைத் தனியாக ஒரு பென் டிரைவில், அப்டேட் உள்ள கணினியில் ஸ்கேன் செய்த பிறகு மட்டும் கொண்டுபோய்ப் போடுங்கள். அந்த சிஸ்டத்தில் மெயில் பார்க்கவே கூடாது, ஆப்பரேட்டர் பையனிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, போலி அப்டேட். விண்டோஸ் அப்டேட் செட்டிங்ஸ் வழியாக மட்டும்தான் வரும். ஒரு சைட்டைத் திறக்கும்போது "உங்கள் விண்டோஸ் பழையது, இதை டவுன்லோட் செய்யுங்கள்" என்று திரை முழுக்க வந்தால் அது திருட்டு. மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம் என்று போன் வந்து, தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்க விடும் எனிடெஸ்க் மென்பொருளைப் போடச் சொன்னாலும் திருட்டுதான், மைக்ரோசாஃப்ட் அப்படி யாரையும் தானாகக் கூப்பிடுவதில்லை. ஏற்கெனவே மாட்டிப் பணம் போயிருந்தால், கணினியின் நெட்டைத் துண்டித்துவிட்டு உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.